கிளாஸ் கையில நிக்கலையா? எந்த இடத்துல உடையுதுன்னு பார்த்து சரி பண்ற வழி

மூணு வயசுல இருந்து ஏழெட்டு வயசு வரைக்கும் இருக்கற பிள்ளைங்கள வச்சு கிளாஸ் நடத்துறவங்களுக்காக இத எழுதுறேன். "என் கிளாஸ் அடங்கவே மாட்டேங்குது"ன்னு யாராவது சொன்னா நான் மொதல்ல கேக்கறது ஒரே கேள்விதான், எப்ப அடங்கல? நாள் பூரான்னுதான் எல்லாரும் சொல்வாங்க, அந்த அலுப்புல அப்படித்தான் தோணும், எனக்கும் பல வருஷம் அப்படித்தான் தோணுச்சு. ஆனா ஒரு நாள் பேப்பர்ல குறிச்சு பார்த்தா அப்படி இருக்காது.

அதனால எதையும் மாத்தறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் இத பண்ணுங்க. ஒரு துண்டு பேப்பர், ஒரு பென்சில். கிளாஸ் கலையற ஒவ்வொரு தடவையும் மணி என்ன, ரூம்ல எந்த இடம், அதுக்கு சரியா ஒரு நிமிஷம் முன்னாடி என்ன நடந்துச்சு, இந்த மூணு மட்டும் கிறுக்கி வைங்க. யார் பண்ணதுன்னு எழுதாதீங்க, அத எழுதினா மனசு அந்த பிள்ளை மேலயே போயிடும். சாயங்காலம் எடுத்து பாருங்க. நான் பார்த்த வரைக்கும் முக்கால்வாசி குறிப்பு பாடம் நடக்கற நேரத்துல விழாது. ஒரு வேலை முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கற இடைவெளி, எதுக்காவது காத்திருக்கற நேரம், வாசப்படி, தண்ணி பாட்டில் வைக்கற மூலை, இங்கதான் விழும்.

ஜேக்கப் கூனின்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகள வீடியோ எடுத்து ரொம்ப நாள் பார்த்து 1970ல எழுதின விஷயம் இதோட பொருந்தும். தப்பு நடந்த பிறகு டீச்சர் என்ன பண்றாருங்கறதுல, நல்லா நடக்கற கிளாஸுக்கும் நடக்காத கிளாஸுக்கும் பெரிய வித்தியாசம் அவருக்கு கிடைக்கல. திட்டறது, முறைக்கறது, அமைதியா சொல்றது எல்லாம் ரெண்டு பக்கமும் இருந்துச்சு. தப்பு நடக்கறதுக்கு முன்னாடி டீச்சர் வேலைய எப்படி ஓட்டிக்கிட்டு போறாருங்கறதுலதான் வித்தியாசம். நாம பெரும்பாலும் எந்த தண்டனை வேலை செய்யும்னு தேடிக்கிட்டு இருக்கோம், ஓட்டை இருக்கறது வேற பக்கம். கீழ ஒவ்வொரு அறிகுறியா எடுத்து அந்த ஓட்டை எங்க இருக்கும்னு சொல்றேன், உங்க பேப்பர்ல எது அதிகமா விழுந்திருக்கோ அத மட்டும் மொதல்ல எடுங்க, எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்தப் போனா ஒண்ணும் நிக்காது.

காலையில உள்ள நுழைஞ்சதுமே கூச்சல்

வாசல்ல நின்னு பாருங்க. உள்ள வர்ற பிள்ளைக்கு அடுத்து என்ன பண்ணணும்னு தெரியுதா? பை எங்க வைக்கணும், பாட்டில் எங்க, அப்புறம் எங்க உக்காரணும், உக்காந்து என்ன பண்ணணும். இதுல கடைசி கேள்விக்குத்தான் நெறைய கிளாஸ்ல பதில் இருக்காது. பையை வச்சாச்சு, மணி அடிக்க பத்து நிமிஷம் இருக்கு, கை சும்மா இருக்கு, பக்கத்துல ஒரு சிநேகிதன் இருக்கான். ஓடாம என்ன பண்ணுவான்?

மொத பிள்ளை வர்றதுக்கு முன்னாடி டேபிள் மேல வேலை இருக்கணும். வெத்து பேப்பரும் ரெண்டு கலர் க்ரேயானும் போதும், இல்ல ஒரு தட்டுல கோக்கற மணி, இல்ல நேத்து முடிக்காத படம். யார்கிட்டயும் கேக்காம தானா ஆரம்பிக்கக்கூடிய வேலையா, தினமும் ஒரே இடத்துல இருக்கணும், அவ்வளவுதான் நிபந்தனை. நீங்க வாசல்ல நில்லுங்க. ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுங்க. அப்ப முகத்தையும் பாருங்க, தூங்காம வந்திருக்கா, அழுதுட்டு வந்திருக்கா, உடம்பு சுடுதா, இதெல்லாம் அந்த மூணு விநாடில தெரிஞ்சுடும், அன்னைக்கு அந்த பிள்ளைகிட்ட எவ்வளவு எதிர்பார்க்கலாம்னும் தெரிஞ்சுடும்.

பை மாட்டற இடத்துல இடிச்சுக்கறாங்கன்னா கொக்கிய பாருங்க. ஒரு வருஷம் எங்க கிளாஸ்ல தினமும் காலையில ஒரே மூலையில சண்டை, நான் பிள்ளைங்களையே குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் முட்டி போட்டு அவங்க உயரத்துல இருந்து பார்த்தப்பதான் தெரிஞ்சுது, கொக்கிங்க ஒண்ணுக்கொண்ணு ஒரு சாண் கூட இல்ல, ஒருத்தன் பையை மாட்டினா பக்கத்துல இருக்கறது கீழ விழுது, விழுந்த பைக்காரன் அவனை தள்ளுறான். ஒண்ணு விட்டு ஒண்ணா மாட்ட வச்சு, மீதி பையை எதிர் சுவத்துல அடுக்கச் சொன்னேன். அடுத்த நாள் சண்டை இல்ல. பிள்ளைங்களுக்கு நான் ஒரு வார்த்தை புத்தி சொல்லல.

ரூல்ஸ் சார்ட் ஒட்டியிருக்கு, ஒருத்தரும் அதுபடி நடக்கறதில்ல

சார்ட் ஒட்டினா மட்டும் நடக்காது, அது ஆய்வுலயே பார்த்த விஷயம். 1968ல மேட்சன், பெக்கர், தாமஸ்னு மூணு பேர் சேர்ந்து இத ஒண்ணொண்ணா பிரிச்சு சோதிச்சாங்க. வெறும் ரூல் சொல்லி வச்சப்ப பிள்ளைங்க நடத்தையில பெருசா ஒண்ணும் மாறல. சரியா பண்ற பிள்ளைய டீச்சர் கவனிச்சு பாராட்ட ஆரம்பிச்சப்பதான் மாறுச்சு.

மொதல்ல சார்ட்ட படிச்சு பாருங்க. எத்தனை ரூல் இருக்கு? அஞ்சுக்கு மேல இருந்தா சின்ன பிள்ளைக்கு நிக்காது, எனக்கு மூணே மூணுதான். அதுல எத்தனை "கூடாது"? "ஓடக்கூடாது"ன்னு சொன்னா நாலு வயசு பிள்ளைக்கு ஓடறதுதான் மனசுல படமா வரும், அதுக்கு பதிலா கால் என்ன பண்ணணும்னு அதுல இல்ல. "உள்ள நடந்து போவோம்"னு சொன்னா கால் என்ன பண்ணணும்னு தெரிஞ்சுடுது. "ஒழுங்கா இருக்கணும்", "மரியாதையா நடந்துக்கணும்" மாதிரி இருந்தா அத எடுத்துடுங்க, அது பெரியவங்களுக்கே ஆளுக்கு ஒரு அர்த்தம்.

ரெண்டாவது, ஒவ்வொரு ரூலையும் நடிச்சு காட்டியிருக்கீங்களா? சொல்லிக் குடுக்கறதும் பழக்கறதும் வேற வேற. எழுத்து சொல்லிக் குடுக்கும்போது ஒரு தடவை கரும்பலகைல எழுதிக் காட்டிட்டு "நேத்தே சொன்னேனே"ன்னு கோவப்பட மாட்டோம், முப்பது நாள் எழுத வைப்போம். நாற்காலிய சத்தமில்லாம தூக்கி வைக்கறதுக்கும் அதே முப்பது நாள் வேணும். நான் இப்படி பண்ணுவேன்: மொதல்ல நான் சரியா பண்ணிக் காட்டுவேன், பேசாம. அப்புறம் நான் வேணும்னே தப்பா பண்ணுவேன், நாற்காலிய டர்ர்னு இழுப்பேன், பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே "அப்படி இல்ல மிஸ்"ன்னு கத்துவாங்க, என்ன தப்புன்னு அவங்களே சொல்வாங்க. அப்புறம் ரெண்டு பேர் வந்து சரியா பண்ணுவாங்க, அப்புறம் எல்லாரும். தப்பா பண்ணிக் காட்டறது எப்பவும் டீச்சர் மட்டும்தான். பிள்ளைய தப்பா பண்ண விட்டா அத பண்ணி பழகிடும், அதுல கிடைக்கற சிரிப்பும் ஞாபகத்துல நின்னுடும்.

சுவரையும் ஒரு தடவை பாருங்க. ரூல்ஸ் சார்ட்ட சுத்தி நாப்பது படம், தோரணம், எழுத்து, எண், பூ எல்லாம் இருந்தா அந்த சார்ட் பிள்ளை கண்ணுல படவே படாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல 2014ல வெளியான ஒரு ஆய்வுல, கிண்டர்கார்டன் பிள்ளைங்க சுவர் முழுக்க அலங்காரம் பண்ண ரூம்ல உக்காந்தப்ப, வெறும் சுவரா இருந்த ரூம்ல உக்காந்தத விட அதிகமா கவனம் சிதறினாங்க, பாடத்துலயும் கொஞ்சமாத்தான் கத்துக்கிட்டாங்க. டீச்சர் எந்தப் பக்கம் நின்னு பேசறாரோ அந்தச் சுவரை மட்டுமாவது காலியா விடுங்க.

"உக்காரு உக்காரு"ன்னு சொல்லியே தொண்டை கட்டிடுச்சு

இத படிக்கறவங்கள்ல பாதி பேருக்கு இதுதான் பிரச்சனையா இருக்கும்.

மேல சொன்ன மேட்சன், பெக்கர் குழுவே அதே 1968ல இன்னொண்ணும் பார்த்தாங்க, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்கள வச்சு. டீச்சர் "உக்காருங்க"ன்னு சொல்ற எண்ணிக்கைய வேணும்னே கூட்டினப்ப, எழுந்து நிக்கற பிள்ளைங்க எண்ணிக்கையும் கூடுச்சு. டீச்சர் சொன்ன உடனே பிள்ளை உக்காந்துடும், அதனால டீச்சருக்கு அது வேலை செய்யுதுன்னு தோணும், ஆனா கொஞ்ச நேரத்துல இன்னும் நாலு பேர் எழுந்திருப்பாங்க. ஏன்னா எழுந்தா டீச்சர் என்னைப் பார்க்கறாங்க, உக்காந்தா யாரும் பார்க்கறதில்ல. அத திருப்பிப் போட்டு, உக்காந்து வேலை பண்ற பிள்ளைகிட்ட போய் பேசினப்ப எழுந்து நிக்கறது குறைஞ்சுது.

சரி பண்றது எப்படின்னா, எழுந்து நிக்கற பிள்ளைய பார்த்ததும் உங்க கண்ணு அதுக்கு பக்கத்துல உக்காந்திருக்கற பிள்ளைகிட்ட போகணும். "பேப்பர ஒரு கையால புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கலர் அடிக்கற"ன்னு பார்த்தத அப்படியே சொல்லுங்க. "குட் கேர்ள்", "வெரி குட்" வேண்டாம், அதுல எது நல்லதுன்னு பிள்ளைக்கு தெரியாது. எழுந்த பிள்ளை உக்காந்த உடனே, அஞ்சு விநாடிக்குள்ள, அதுகிட்டயும் போங்க, இதுதான் முக்கியம், இத விட்டுட்டா மத்தது எல்லாம் வீண். இதுல ஒரு எச்சரிக்கை: "பாரு அவ எவ்வளவு அழகா உக்காந்திருக்கா, நீயும் இருக்க"ன்னு ஒரு பிள்ளைய வச்சு இன்னொண்ண குத்தாதீங்க. பாராட்டு வாங்கின பிள்ளைக்கும் அது சங்கடம்.

உண்மையிலேயே எத்தனை நிமிஷமா உக்கார வச்சிருக்கீங்கன்னும் பாருங்க. நாலு வயசு பிள்ளைங்கள தரையில இருபத்தஞ்சு நிமிஷம் உக்கார வச்சிருந்தா எழுந்து நிக்கறதுதான் இயல்பு, அங்க ரூல் மேல பழி போட முடியாது. பத்து நிமிஷத்துல ஒரு தடவை எழுப்பி கை தூக்கி குதிக்க வச்சு மறுபடி உக்கார வைங்க, பாடம் ஒண்ணும் குறையாது.

ஒரு வேலையில இருந்து அடுத்ததுக்கு மாறும்போது எல்லாம் கலைஞ்சுடுது

உங்க பேப்பர்ல அதிக குறிப்பு இங்கதான் விழுந்திருக்கும்னு எனக்கு நிச்சயமா தெரியும். ஒரு நாளைக்கு இப்படி மாற்றம் எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாருங்க, பத்துக்கு கொறையாது. ஒண்ணு ஒண்ணுக்கும் அஞ்சு நிமிஷம் போனா அம்பது நிமிஷம், ஒரு முழு பாடவேளைக்கு மேலயே காணாம போச்சு.

இதுல நான் நாலு இடம் பார்ப்பேன்.

முடியப் போகுதுன்னு பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிஞ்சுதா? ஆழ்ந்து பிளாக்ஸ் அடுக்கிக்கிட்டு இருக்கற பிள்ளைகிட்ட திடீர்னு "எடுத்து வைங்க"ன்னா அழுகைதான் வரும். அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு தடவை, ஒரு நிமிஷம் முன்னாடி ஒரு தடவை. ஆனா அஞ்சு நிமிஷம்னா என்னன்னு அந்த வயசுல தெரியாது, அதனால "இன்னும் மூணு பிளாக் வைக்கலாம்", "இந்த பக்கத்த முடிச்சுக்கலாம்"னு அவங்க கையில இருக்கற வேலையால சொல்லுங்க. மணல் கடிகாரம் இருந்தா இன்னும் நல்லது, நேரம் கீழ கொட்டறது கண்ணுக்கு தெரியும்.

சிக்னல் ஒண்ணா, ஒன்பதா? ஒரு நாள் கைதட்டறது, ஒரு நாள் மணி, ஒரு நாள் விளக்க அணைக்கறது, ஒரு நாள் கத்தறதுன்னு இருந்தா எதுக்கும் பதில் வராது. ஒண்ணே ஒண்ண வச்சுக்கோங்க. அது அடிச்சா மூணு விஷயம்: கை நிக்கணும், வாய் நிக்கணும், கண்ணு டீச்சர் மேல. இத விளையாட்டாவே பழக்குங்க, ஒரு நாளைக்கு நாலு தடவை, பிள்ளைங்க நல்லா குஷியா இருக்கற நேரத்துல, எந்த அவசரமும் இல்லாதப்ப. அவசரத்துல மட்டும் அடிச்சா அந்த சத்தம் திட்டோட சேர்ந்துடும். இன்னொண்ணு, சிக்னல் அடிச்சுட்டு எல்லாரும் நிக்கறதுக்கு முன்னாடி நீங்க பேச ஆரம்பிக்காதீங்க, கடைசி பிள்ளையும் திரும்பற வரைக்கும் பேசாம நில்லுங்க. மொத வாரம் இந்த காத்திருப்பு ரொம்ப நீளமா தெரியும். மூணு பேர் பேசிக்கிட்டு இருக்கும்போதே நீங்க ஆரம்பிச்சுட்டீங்கன்னா, சிக்னலுக்கு அப்புறமும் பேசலாம்னு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

மூணாவது, டீச்சர் தானே குழப்பறது. கூனின் இத ரொம்ப நுணுக்கமா பார்த்திருக்கார். கணக்கு நோட்ட மூடச் சொல்லி கதை புக்க எடுக்கச் சொல்லிட்டு, "ஆமா கணக்குல எத்தனை பேர் எல்லாத்தையும் சரியா போட்டீங்க?"ன்னு திரும்ப கணக்குக்கே போறது. இல்லன்னா பாதி சொல்லிட்டு தொங்க விட்டுட்டு ஜன்னல் பக்கம் போய் கீழ கெடக்கற பேப்பர எடுத்து "யார் இத போட்டது"ன்னு கேக்கறது. ஒரு நாள் உங்க கிளாஸ நீங்களே ஃபோன்ல ஆடியோ மட்டும் ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, கேட்டுட்டு அழிச்சுடுங்க. நான் கேட்டப்ப, நான் குடுத்த அஞ்சு உத்தரவுல மூணு முடியறதுக்கு முன்னாடி நானே குறுக்க பேசியிருந்தேன்.

நாலாவது, காத்திருப்பு. இத கொஞ்சம் பக்கத்துல இருந்து பார்ப்போம். 28 பிள்ளைங்க, நோட்டு எல்லாம் டீச்சர் டேபிள்ல அடுக்கா இருக்கு. டீச்சர் மேல இருந்து ஒண்ணொண்ணா எடுத்து பேர் கூப்பிட்டு குடுக்கறாங்க, ஒரு பிள்ளை எழுந்து வந்து வாங்கிட்டு போக 15 விநாடி. கணக்கு போட்டா ஏழு நிமிஷம். மொத வாங்கின பிள்ளை ஆறே முக்கால் நிமிஷம் நோட்ட வச்சுக்கிட்டு சும்மா இருக்கு, பென்சிலால ஓரத்துல கிறுக்குது, அப்புறம் பக்கத்து நோட்டுல கிறுக்குது, அந்த பிள்ளை கத்துது. கடைசில வாங்கப் போற பிள்ளை ஆறே முக்கால் நிமிஷம் கையில ஒண்ணுமே இல்லாம இருக்கு. நடுவுல ரெண்டு பேர் கூப்பிட்டது கேக்கல, திரும்ப கூப்பிடணும். இப்ப அதே நோட்டுங்கள வரிசை வரிசையா பிரிச்சு நாலு அடுக்கா வச்சு, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த வேலைய குடுத்துட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். அந்த நாலு பிள்ளைங்க யாருன்னு வாரா வாரம் மாத்துங்க, அதிகமா ஓடற பிள்ளைக்கு மொத வாரமே குடுங்க.

மாறும்போது பாட்டு வைக்கறது நல்லா வேலை செய்யும், ஆனா அந்த பாட்டு அந்த வேலைக்கு மட்டும்தான் இருக்கணும், அது முடியும்போது எல்லாம் எடுத்து வச்சு உக்காந்திருக்கணும். எட்டு பத்து நாள்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லாமலே பாட்டே அவங்கள நகத்திக்கிட்டு போகும்.

வரிசையில நின்னா தள்ளுமுள்ளு

ரெண்டே காரணம். ஒண்ணு, மொத இடத்துக்கு போட்டி. வரிசை ஒழுங்க ஒரு வாரத்துக்கு நிரந்தரமா வச்சுட்டு, அடுத்த வாரம் மொத ஆளு கடைசிக்கு போகட்டும், போட்டி அதோட செத்துடும். ரெண்டு, இடைவெளி தெரியல. தரையில டேப்போ சாக்பீஸ் வட்டமோ போட்டு வைங்க, கால் வைக்க இடம் கண்ணுக்கு தெரிஞ்சா கை தானா அடங்கும். இதுக்கு மேலயும் இருந்தா வரிசையே தேவையான்னு யோசிங்க. கை கழுவ 28 பேரும் ஒரே நேரத்துல நிக்கணுமா, ஆறு ஆறு பேரா போனா ஆகாதா?

சொன்னத பாதி பண்ணிட்டு முழிச்சுக்கிட்டு நிக்கறாங்க

"நோட்ட மூடி பையில வச்சுட்டு, பென்சில டப்பால போட்டுட்டு, கை கழுவிட்டு வந்து வட்டமா உக்காருங்க." இதுல அஞ்சு வேலை இருக்கு. அந்த வயசு பிள்ளை மனசுல ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு நிக்கும். நோட்ட மூடிட்டு நிக்கற பிள்ளை அடங்காத பிள்ளை இல்ல, மீதி மறந்துட்ட பிள்ளை. ஒண்ணு சொல்லுங்க, முடிக்கட்டும், அடுத்தது சொல்லுங்க. தினமும் வர்ற வேலைன்னா படம் வரைஞ்சு வரிசையா ஒட்டி வைங்க, பிள்ளை உங்களைக் கேக்காம படத்த பார்த்துக்கும். "எடுத்து வைக்கலாமா?"ன்னு கேள்வியா கேக்காதீங்க, "வேண்டாம்"னு ஒருத்தன் சொன்னா அது நியாயமான பதில்.

கேள்வி கேட்டா எல்லாரும் கத்துறாங்க, இல்ல அதே நாலு பேர்தான் சொல்றாங்க

மேரி பட் ரோவ்னு ஒரு கல்வியாளர் 1970கள்ல அறிவியல் வகுப்புங்கள ஒலிப்பதிவு பண்ணி கேட்டாங்க. கேள்வி கேட்டுட்டு டீச்சர் காத்திருக்கற நேரம் சராசரியா ஒரு விநாடிதான் இருந்துச்சு. அத மூணு விநாடியா ஆக்கினப்ப பதில் நீளமாச்சு, வழக்கமா வாய் திறக்காத பிள்ளைங்களும் பேச ஆரம்பிச்சாங்க. ஒரு விநாடில பதில் வேணும்னா முந்திக்கிட்டு கத்தறவனுக்குத்தான் லாபம், கத்தறது அங்கதான் பழகுது.

கேளுங்க, மனசுக்குள்ள மெதுவா மூணு எண்ணுங்க, அப்புறம் பேர் சொல்லுங்க. பதில் தெரிஞ்சா கட்டைவிரல நெஞ்சுகிட்ட வச்சுக்கச் சொன்னா கை தூக்கி ஆட்டற கலாட்டாவும் இருக்காது. கத்தின பதில் சரியாவே இருந்தாலும் எடுத்துக்காதீங்க, ஒரு தடவை எடுத்துக்கிட்டா அந்த ரூல் போச்சு.

ஸ்டார் குடுத்தேன், மொதல்ல நல்லா போச்சு, இப்ப "என்ன தருவீங்க"ன்னு கேக்கறாங்க

1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் இத சின்ன பிள்ளைங்ககிட்டயே சோதிச்சாங்க. ஸ்கெட்ச் பேனால வரையறது ஏற்கனவே பிடிச்ச பிள்ளைங்களுக்கு, வரைஞ்சா சான்றிதழ் தர்றோம்னு முன்னாடியே சொல்லி குடுத்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு பார்த்தா அந்த பிள்ளைங்க தானா எடுத்து வரையறது மத்தவங்கள விட குறைஞ்சு போச்சு. சொல்லாம குடுத்த பிள்ளைங்ககிட்ட அந்த சரிவு இல்ல. அதனால பிள்ளை தானா சந்தோஷமா பண்ற எதுக்கும் ஸ்டார் போடாதீங்க, கதை கேக்கறது, படம் போடறது, பகிர்ந்துக்கறது எல்லாம்.

கஷ்டமான, பிடிக்காத வேலைக்கு என்ன பண்றதுன்னா, பொருள் தர்றதுக்கு பதிலா பிடிச்ச வேலைய பின்னாடி வைங்க. டேவிட் பிரீமாக்ங்கற உளவியலாளர் 1959ல சொன்ன கருத்து இது, அடிக்கடி தானா பண்ற காரியம் ஒண்ணு, கொறச்சலா பண்ற காரியத்துக்கு பரிசா வேலை செய்யும். 1963ல மூணு வயசு பிள்ளைங்க இருந்த ஒரு நர்சரியில இத பயன்படுத்திப் பார்த்தாங்க. அந்த பிள்ளைங்க ஓடுவாங்க, கத்துவாங்க, நாற்காலிய தள்ளுவாங்க. கொஞ்ச நேரம் அமைதியா உக்காந்து கரும்பலகைய பார்த்தா, மணி அடிச்சு "இப்ப ஓடி கத்துங்க"ன்னு விட்டாங்க. சீக்கிரமே அமைதியா உக்கார ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு இந்த சோதனை ரொம்ப பிடிக்கும், ஏன்னா பிள்ளையோட ஆசைய குத்தமா பார்க்காம அதுக்கு ஒரு இடம் ஒதுக்கி குடுத்தாங்க.

ஸ்டார் சார்ட் ஏற்கனவே ஓடுதுன்னா ஒரே நாள்ல கிழிச்சுடாதீங்க. தினமும் இருந்தத ரெண்டு நாளைக்கு ஒண்ணு, வாரத்துக்கு ஒண்ணுன்னு இழுத்து மெதுவா விடுங்க. கொடுத்த ஸ்டார திரும்ப பிடுங்கறது மட்டும் எப்பவுமே வேண்டாம்.

எல்லாரும் சரியாயிட்டாங்க, ஒரே ஒரு பிள்ளை மட்டும்

இந்த அறிகுறிக்கு கடைசியாத்தான் வரணும். கிளாஸ் வழக்கம் சரியாகறதுக்கு முன்னாடி யார் பிரச்சனைன்னு உங்களுக்கு தெரியவே தெரியாது, எட்டு பேர் மாதிரி தெரியும், சரியான பிறகு ஒண்ணு ரெண்டு பேர்தான் மிஞ்சுவாங்க.

மொதல்ல உடம்ப பாருங்க. காது கேக்குதா, கண்ணு தெரியுதா, தூக்கம், பசி, ஒண்ணுக்கு அடக்கிக்கிட்டு இருக்கா. எங்கிட்ட ஒரு பையன் இருந்தான், சிக்னல் அடிச்சா எப்பவும் கடைசில திரும்புவான், மத்தவங்க பண்றத சுத்திப் பார்த்துட்டுதான் தானும் பண்ணுவான், நான் இருக்கற பக்கம் ஒரு காதை மட்டும் திருப்பி வச்சுப்பான். பிடிவாதம்னு நான் ரெண்டு மாசம் நினைச்சிருந்தேன். அப்புறம் அவன் பின்னாடி நின்னு மெதுவா பேர் சொல்லிப் பார்த்தேன், இடது பக்கம் சொன்னா திரும்பினான், வலது பக்கம் சொன்னா அசையவே இல்ல. வீட்டுல சொல்லி டாக்டர்கிட்ட காட்டினாங்க, ஒரு காது சரியா கேக்கல. அந்த ரெண்டு மாசம் அவனை நான் எத்தனை தடவை முறைச்சிருப்பேன்னு இப்பவும் நினைச்சுப்பேன். அவனை இடது காது என் பக்கம் வர்ற மாதிரி உக்கார வச்சேன், சிக்னல் அடிக்கும்போது கையையும் தூக்குவேன், அவ்வளவுதான்.

உடம்புல ஒண்ணும் இல்லன்னா இப்ப பழைய பேப்பர் முறைய அந்த பிள்ளைக்கு மட்டும் ஒரு வாரம் பண்ணுங்க: முன்னாடி என்ன, பண்ணது என்ன, அதுக்கப்புறம் அதுக்கு என்ன கிடைச்சுது. உதாரணத்துக்கு, ஒரு பிள்ளை எழுத்து வேலை வரும்போது மட்டும் மத்தவங்கள அடிக்குது, அடிச்சதும் வெளிய அனுப்பறீங்க, அப்ப எழுத்து வேலைல இருந்து தப்பிச்சுடுது. தண்டனைன்னு நாம நினைச்சது அதுக்கு வேணுங்கறது. அந்த இடத்துல எழுத்து வேலைய சின்னதாக்கி, "போதும்"னு சொல்ல ஒரு கார்டு குடுங்க, அடிக்காமலே நிறுத்தக் கத்துக்கட்டும்.

கவனத்துக்காக பண்ற சின்ன சின்ன சேட்டைய கண்டுக்காம விடலாம், ஆனா ஆரம்பிச்சா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, கொறையறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் அது ஏறும். எப்பவும் கிடைச்சது கிடைக்கலன்னா இன்னும் பலமா கேட்டுப் பார்க்கறது பிள்ளை இயல்பு. அந்த மூணாம் நாள்ல பொறுக்காம திரும்பிப் பார்த்துட்டா, அவ்வளவு பலமா பண்ணாத்தான் பார்ப்பாங்கன்னு கத்துக்கும், அதுக்கு ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம். அடிக்கறது, கடிக்கறது, பொருள எறியறது இதெல்லாம் கண்டுக்காம விடற பட்டியல்லயே வராது, உடனே போய் நடுவுல நில்லுங்க, அடிபட்ட பிள்ளைய மொதல்ல பாருங்க, அப்புறம் ரெண்டே வார்த்தைல நிறுத்துங்க. நீளமான பேச்சு அந்த கோவத்துல ஏறாது, பத்து நிமிஷம் கழிச்சு தனியா உக்காந்து பேசுங்க.

எல்லார் முன்னாடியும் நிக்க வைக்கறது, கரும்பலகைல பேர் எழுதறது, கையால தொடறது, எதுவும் வேண்டாம். அந்த நிமிஷம் அமைதி கிடைக்கும், மறுக்கல. ஆனா அதப் பார்த்துக்கிட்டு இருக்கற மத்த 27 பிள்ளைங்களும் அன்னைக்கு பயத்த கத்துக்குது, பயந்த பிள்ளை கேள்வி கேக்காது. இதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே கிடையாது.

ஒரு மாசம் நல்லா போச்சு, லீவு முடிஞ்சு வந்தா பழையபடி ஆயிடுச்சு

ஒண்ணும் கெட்டுப் போகல, மறந்து போச்சு. லீவு முடிஞ்ச மொத ரெண்டு நாள் பாடத்த பாதியா வச்சுக்கிட்டு சிக்னல், பை வைக்கற இடம், நோட்டு குடுக்கறது எல்லாத்தையும் மொத நாள் மாதிரியே திரும்ப நடிச்சு காட்டுங்க. ரெண்டாவது தடவை ரொம்ப சீக்கிரம் பிடிச்சுக்கும். புது பிள்ளை சேர்ந்தா ஒரு பழைய பிள்ளைய ஒரு வாரத்துக்கு கூட போட்டு விடுங்க, நீங்க சொல்றத விட அது சொல்றது நல்லா ஏறும்.

நீங்க லீவு போடற நாளைக்கு வேற டீச்சர் வந்து கிளாஸ் கவுந்து போகுதுன்னா, வழக்கம் உங்க தலைக்குள்ள மட்டும் இருக்குன்னு அர்த்தம். ஒரே ஒரு பக்கம் எழுதி டேபிள் டிராயர்ல வைங்க: சிக்னல் எது, காலையில டேபிள் மேல என்ன வைக்கணும், மாறும்போது எந்த பாட்டு, யார் நோட்டு குடுக்கறது, எந்த பிள்ளைக்கு எந்தப் பக்கம் நின்னு பேசணும். கடைசி வரியா, "சந்தேகம் வந்தா பிள்ளைங்ககிட்டயே கேளுங்க, காட்டிக் குடுப்பாங்க"ன்னு எழுதி வைங்க. ஒரு தடவை நான் ரெண்டு நாள் கழிச்சு வந்தப்ப, வந்திருந்த டீச்சர் அந்த பேப்பரோட பின்பக்கத்துல குறிப்பு எழுதி வச்சிருந்தாங்க: தண்ணி பாட்டில தப்பான மேசையில வச்சுட்டேன், நாலு வயசு பொண்ணு ஒருத்தி என் கையைப் பிடிச்சு கூட்டிட்டு போய் சரியான இடத்த காட்டினா.